மூன்றாவது படத்தில் ஒரு நாய் இருந்தது

என் திரைப்பட விழாக் குறிப்பேட்டில் மூன்றாவது படத்துக்கு நேராக இருந்தவை நான்கே வரிகள். "மெதுவான படம். ஒன்றும் நடக்கவில்லை. ஒளிப்பதிவு பரவாயில்லை. நமக்கு வேண்டாம்." மறுநாள் காலை அரங்க வாசலில் வரிசையில் நின்றபோது, உடன் வந்திருந்த தோழி அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"அந்த நாயைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?"

"எந்த நாய்?"

அவர் பார்வையில் முதலில் சந்தேகம் வந்தது, பிறகு இரக்கம். 141 நிமிடப் படம். பதினோராவது நிமிடத்தில் வரும் நாய் கடைசிக் காட்சிவரை திரையில் இருக்கிறதாம். அரங்கில் என் உடல் இருந்தது, டிக்கெட் கிழிக்கப்பட்டது, குறிப்பும் எழுதியிருக்கிறேன். நாயை மட்டும் பார்க்கவில்லை.

இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். சிக்கல் என்னவென்றால், நாங்கள் ஒரு சிறிய திரைப்படச் சங்கத்துக்காகப் படம் தேர்ந்தெடுக்க வந்தவர்கள். ஆண்டுதோறும் எங்களில் சிலர் ஒரு சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போய், பார்த்த படங்களில் எவற்றைச் சங்கத்தில் திரையிடலாம் என்று பட்டியல் தருவோம். நான் "வேண்டாம்" என்று எழுதினால் அந்தப் படத்துக்கு எங்கள் ஊர்க் கதவு சாத்தப்பட்டதாக அர்த்தம். ஆகவே அந்த ஒரு நாளை முழுசாகப் பிரித்துப் பார்க்க முடிவு செய்தேன். கையில் இருந்த சாட்சியங்கள்: குறிப்பேடு, ஐந்து டிக்கெட் துண்டுகள், விழா அட்டவணை, தோழியின் வாக்குமூலம். என் நினைவைச் சாட்சியாகச் சேர்க்கவில்லை. இந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்பதே அதுதான்.

நாளின் கணக்கு

முந்தைய இரவு ஒரு மணிவரை அட்டவணையோடு மல்லுக்கட்டினேன். விழா அட்டவணையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மனிதனின் பேராசையை அளக்கும் கருவி. ஒரே நேரத்தில் ஆறேழு அரங்குகளில் படம் ஓடும். ஒன்றைத் தேர்ந்தால் ஐந்தாறை இழக்கிறோம். வண்ணப் பேனாக்களால் வட்டமிட்டு, அம்பு போட்டு, அடித்துத் திருத்தி, கடைசியில் ஐந்து படங்களை ஒரே நாளில் அடைத்தேன். காலை ஆறரைக்கு அலாரம். தூக்கம் ஐந்தரை மணி நேரத்துக்கும் குறைவு. இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.

முதல் படம் 9.15க்குத் தொடங்கி 118 நிமிடம் ஓடியது. ஒரு குடும்பம், ஒரு மருத்துவமனை, வாய் ஓயாத வசனம். குறிப்பேட்டில் இரண்டு முழுப் பக்கங்கள், கையெழுத்து திருத்தமாக இருக்கிறது. இரண்டாவது படம் 11.45க்கு, வேறு கட்டடத்தில். கால் மணி நேர நடை, வாசலில் வரிசை. உள்ளே போனபோது முன்னாலிருந்து மூன்றாவது வரிசையில்தான் இடம் கிடைத்தது. 132 நிமிடமும் கேமரா யாரோ ஒருவரின் தோளில் அமர்ந்து ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு பக்கக் குறிப்பு.

மூன்றாவது படம் பிற்பகல் 2.20க்கு. நடுவே கிடைத்த 23 நிமிடத்தில் பாதி வரிசையில் போனது, மீதியில் கிடைத்ததை விழுங்கினேன். அந்தப் படத்துக்குத்தான் நான்கு வரி.

நான்காவது 5.15க்கு என்று அச்சாகியிருந்தது. தொடங்கியபோது மணி 5.57. அரங்கு நிறைந்து, விளக்கு அணைந்து, மறுபடி எரிந்தது. தன்னார்வலர் ஒருவர் மேடையேறி, திறவுகோல் இன்னும் வந்து சேரவில்லை என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் அரங்கின் சாவியைத்தான் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள். இப்போதெல்லாம் படம் சுருளாக வருவதில்லை. பூட்டிய எண்ணியல் கோப்பாக வருகிறது. அதைத் திறக்கும் திறவுகோல் தனிக் கோப்பு. இன்ன அரங்கின் இன்ன கருவிக்கு, இன்ன நாள் இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம்வரை என்று எழுதியிருக்கும். அதில் ஒன்று பிசகினாலும் அரங்கம் நிறைந்த மக்களும் விலையுயர்ந்த கருவியும் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதுதான். எழுந்து போனால் இருக்கை போய்விடும் என்ற பயத்தில் யாரும் நகரவில்லை. படம் 97 நிமிடம். முடிந்ததும் இயக்குநருடன் இருபது நிமிடக் கேள்வி பதில். அதில் பாதிக் கேள்விகள் கேள்விகளே அல்ல, கேட்டவரின் சொற்பொழிவுகள். இது எல்லா விழாக்களுக்கும் பொது.

ஐந்தாவது, புதுப்பிக்கப்பட்ட ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். இரவு 8.30க்குத் தொடங்கி 164 நிமிடம். முடிந்தபோது 11.14. குறிப்பேட்டில் ஒரே ஒரு சொல்: "படிக்கட்டு". எந்தப் படிக்கட்டு, அதில் யார் ஏறினார்கள், இறங்கினார்களா, எதுவும் இன்றுவரை தெரியவில்லை.

கூட்டிப் பார்த்தேன். திரை முன்னால் 652 நிமிடம், அதாவது 10 மணி 52 நிமிடம். நொடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) என்ற கணக்கில் 9,38,880 சட்டகங்கள். இடைவெளிகள் எல்லாம் சேர்த்து 187 நிமிடம், அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது மிகச் சொற்பம். 1932 ஆகஸ்ட் 6ஆம் தேதி வெனிஸில் உலகின் முதல் திரைப்பட விழா தொடங்கியபோது, ஒரு ஹோட்டலின் திறந்த மாடியில் இரவு 9.15க்கு முதல் படத்தைக் காட்டினார்கள். நான் அதே 9.15க்கு, காலையிலேயே, ஜன்னலில்லாத அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

கண்ணா காரணம்?

எல்லோரும் முதலில் பழி போடுவது கண்ணின் மேல். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் சாட்சியங்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. திரையரங்கத் திரை நாம் நினைப்பதைவிட மங்கலானது. எண்ணியல் திரையிடலுக்கான தரம் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (ஒளியை அளக்கும் அலகு). கையிலிருக்கும் கைப்பேசியை வெயிலில் பார்க்க வேண்டுமென்றால் இதைப்போல் பல மடங்கு வெளிச்சம் வேண்டும். திரை தூரத்தில் இருப்பதால், புத்தகம் படிக்கும்போது சிரமப்படும் கண் தசைகளுக்கும் அங்கே அவ்வளவாக வேலை இல்லை. எரிச்சல் இருந்தது உண்மை. அதற்குக் காரணம் இமைப்பது குறைந்தது. எதையாவது உற்றுப் பார்க்கும்போது இமைப்பு குறையும், குளிரூட்டிய அரங்கில் கண் உலரும். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர் தமாமி நகானோ குழுவினர் ஒரு சுவையான விஷயத்தைக் கண்டார்கள். ஒரே கதைப்படத்தைப் பார்ப்பவர்கள், ஒருவருக்கொருவர் தெரியாமலேயே, ஏறத்தாழ ஒரே தருணங்களில் இமைக்கிறார்கள். எதையும் தவறவிடாத இடமாகப் பார்த்துத்தான் இமை மூடுகிறதாம். என் இமைகளுக்கு அன்று அந்த நாகரிகம் இல்லை. அவை மூடியது நாய் இருந்த இடமெல்லாம்.

மூன்றாவது வரிசையும் ஓடும் கேமராவும் சேர்ந்து வேறு ஒரு கேடு செய்தன. கண் "ஓடுகிறோம்" என்கிறது, உள்காது "உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் தலைச்சுற்றலும் குமட்டலும் வரும். இரண்டாவது படம் முடிந்து எழுந்தபோது பஸ்ஸில் மலையேறி இறங்கியவனைப் போல இருந்தேன். கழுத்து தனிக்கதை.

சப்டைட்டில்

இதைத்தான் நான் முதலில் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஐந்து படங்களும் எனக்குத் தெரியாத மொழிகளில். ஆங்கிலத்தில் சப்டைட்டில், அதுவும் எனக்குத் தாய்மொழி அல்ல. வழக்கமாக ஒரு சப்டைட்டிலில் அதிகபட்சம் இரண்டு வரி, வரிக்கு 40 எழுத்துகளை ஒட்டி இருக்கும். இரண்டு வரியும் நிறைந்திருந்தால் ஆறு நொடி நிற்கலாம் என்பது பழைய வழக்கம். வசனம் மிகுந்த படத்தில் இப்படி ஆயிரத்துக்கு மேல் வரும். ஆக, படம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு நான் காலையிலிருந்து ஒரு சிறுபுத்தகத்தை, பக்கம் தானாகப் புரளும் வேகத்தில், பின்வாங்கிப் படிக்க வழியில்லாமல், படித்துக்கொண்டிருந்தேன்.

படிக்காமல் விட்டுவிடலாமே என்றால், அதுவும் நம் கையில் இல்லை. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஜெரி டிடெவால் என்ற உளவியலாளரும் குழுவினரும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பேசும் மொழி நன்றாகத் தெரிந்தவர்களின் கண்கூடத் திரையின் அடியில் எழுத்து தோன்றியதும் தானாக அங்கே இறங்கிவிடுகிறது. எழுத்து வந்தால் கண் படிக்கும், அவ்வளவுதான்.

முதல் படத்தின் இரண்டு பக்கக் குறிப்பை இந்தக் கோணத்தில் மறுபடி படித்தேன். வெட்கமாக இருந்தது. யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதுதான் நிறைந்திருக்கிறது. அறையின் நிறம், முகம், வெளிச்சம் பற்றி மூன்றே வாக்கியங்கள். தெளிவாக இருந்த காலை நேரத்திலேயே படத்தின் அடிப்பகுதியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

2.20

இனி நாய்க்கு வருவோம். மதியத்துக்குப் பின் வரும் மந்தத்தைச் சாப்பாட்டின் தலையில் கட்டுவது வழக்கம். சாப்பாடு அதைக் கூட்டும், ஆனால் சாப்பிடாதவருக்கும் அது வரும். உடலின் உள்கடிகாரத்திலேயே பிற்பகலில் ஒரு சரிவு இருக்கிறது. முந்தைய இரவின் தூக்கக் கடன் அதன்மேல் ஏறி உட்கார்ந்தால், இருட்டும் குளிரும் சாய்ந்த இருக்கையும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் தூக்கத்தின் அழுத்தம் கூடுகிறது, உள்கடிகாரம் அதற்கு எதிராக நம்மை விழிப்பில் நிறுத்துகிறது என்று 1982இல் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி ஒரு மாதிரியை முன்வைத்தார். நான் கடிகாரம் கைவிடும் நேரமாகப் பார்த்து, ஐந்தரை மணித் தூக்கத்தோடு, அந்த விழாவின் மிக அமைதியான படத்துக்குள் போயிருக்கிறேன்.

குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். நான்கு வரிகளும் படம் முடிந்த பிறகு வெளிச்சத்தில் எழுதியவை, எழுத்து நேராக இருக்கிறது. அவற்றுக்கு மேலே, இருட்டில் எழுதிய ஒரு வரி இருந்தது. அதை நான் அதுவரை கிறுக்கல் என்று நினைத்திருந்தேன். "அவள் ஜன்னலைத் திறக்" என்று தொடங்குகிறது. "க்" எழுத்தின் புள்ளி வைக்கும் இடத்தில் பேனா சரிந்து, பக்கத்தின் வலது மூலைவரை ஒரு கோடாக இறங்கி, தாளுக்கு வெளியே போய்விட்டது. மருத்துவமனையில் மானிட்டரில் ஓடும் கோடுபோல இருந்தது.

தோழியின் வாக்குமூலம் இன்னும் கடுமை. "இரண்டு முறை என் தோளில் சாய்ந்தீர்கள். மூன்றாவது முறை நானே நகர்ந்து உட்கார்ந்துவிட்டேன். குறட்டை இல்லை, அதனால் எழுப்பவில்லை."

"நான் கொஞ்சம் கண் அசந்தேன், அவ்வளவுதான்."

"கொஞ்சமா? ஐயா, நடுவில் ஒரு கல்யாணமே நடந்து முடிந்தது."

இதில்தான் வழக்கின் முடிச்சு. சில நொடிகள் மட்டும் நீளும் தூக்கம் இருக்கிறது. கண் சில சமயம் திறந்தே இருக்கும், மூளை மட்டும் கடையைச் சாத்தியிருக்கும். அப்படித் தூங்கியவருக்குத் தூங்கியது தெரியாது. அறுந்த இரண்டு முனைகளையும் மூளை சேர்த்துத் தைத்து, தொடர்ச்சியாகப் பார்த்ததாகவே கணக்குக் காட்டும். நடந்ததெல்லாம் அறுந்த பகுதியில் போய்விட்டதால், தைத்த படத்தில் எதுவும் நடக்கவில்லை. "ஒன்றும் நடக்கவில்லை" என்று நான் எழுதியது பொய்யல்ல. ஆனால் அது படத்தைப் பற்றிய விமர்சனம் அல்ல, என்னைப் பற்றிய மருத்துவக் குறிப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். களைத்த பார்வையாளன் எல்லாப் படங்களுக்கும் ஒரே அளவு அநியாயம் செய்வதில்லை. நான்காவது படத்துக்கு "அருமை, கட்டாயம் போடலாம்" என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன். சரக்குக் கப்பலில் நடக்கும் கொலைக்கதை அது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது உடைந்தது, வெடித்தது, கத்தியது. என்னை விழிப்பில் வைத்திருந்ததற்கான நன்றியைத்தான் மதிப்பெண்ணாகப் போட்டிருக்கிறேனோ என்று இப்போது சந்தேகம். சத்தமில்லாத படம், பார்ப்பவர் தன் பங்குக்குக் கொஞ்சம் கவனத்தைக் கொண்டுவருவார் என்று நம்பி எடுக்கப்படுகிறது. வெறுங்கையோடு போனால் அது ஒன்றும் தராது.

சிவப்புக் கோட்டுப் பெண்

நான்காவது படத்தின் குறிப்பில் இன்னொரு வரி: "மருத்துவமனைக் காட்சியில் சிவப்புக் கோட்டுப் பெண்ணின் நடிப்பு பிரமாதம்." கப்பலில் மருத்துவமனை ஏது? அந்தப் பெண் காலை 9.15 படத்தைச் சேர்ந்தவள். ஏழெட்டு மணி நேரம் கழித்துக் கப்பலேறிவிட்டாள்.

படங்கள் இப்படி ஒன்றோடொன்று கலப்பதற்கு, இடையில் கிடைத்த நேரத்தை நான் செலவழித்த விதமே காரணம் என்று நினைக்கிறேன். எடின்பரோவில் மிக்கேலா டூவர் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2012இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். முதியவர்களுக்கு இரண்டு சிறுகதைகளைச் சொன்னார்கள். ஒரு கதைக்குப் பின் பத்து நிமிடம் இருட்டறையில் சும்மா உட்கார வைத்தார்கள். மற்றதற்குப் பின் படங்களில் வேறுபாடு கண்டுபிடிக்கும் விளையாட்டைக் கொடுத்தார்கள். ஏழு நாள் கழித்தும், சும்மா உட்கார்ந்தபின் தங்கிய கதைதான் கூடுதலாக நினைவிலிருந்தது. நான் என்ன செய்தேன்? ஒரு படம் முடிந்து விளக்கு எரிந்த நொடியே கைப்பேசியை எடுத்தேன். அடுத்த அரங்கு எங்கே, முன்பதிவு உறுதியா, வரிசை எவ்வளவு நீளம். எந்தப் படத்துக்கும் உள்ளே அமர்ந்து தங்க இடம் கொடுக்கவில்லை.

விழா பாஸுக்குக் கொடுத்த காசை வசூலித்தாக வேண்டும் என்ற கணக்கு இதற்கெல்லாம் அடியில் இருந்தது. பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டியில் ஏறத்தாழ 20 படங்கள் இருக்கும், விழா சுமார் 12 நாள் நடக்கும். தீர்ப்புச் சொல்லவே அழைக்கப்பட்ட நடுவர்கள் அந்தப் படங்களை நாளுக்கு இரண்டு என்ற அளவில் பார்க்கிறார்கள். யாரும் அழைக்காத நான் ஒரே நாளில் ஐந்து படங்களுக்குத் தீர்ப்பு எழுதினேன்.

மறுவிசாரணை

மிச்சமிருந்த நாட்களில் நாளுக்கு மூன்று படம் என்று குறைத்தேன். பிற்பகல் இரண்டிலிருந்து மூன்றரைவரை எதுவும் வைக்கவில்லை, அறையில் போய் இருபது நிமிடம் படுத்தேன். படம் முடிந்ததும் கைப்பேசியைத் தொடாமல் நடைக்கூடத்துச் சுவரோரம் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். முதல் நாள், பார்ப்பவர்களுக்கு நான் வழிதவறியவன்போலத் தெரிந்திருக்க வேண்டும், ஒரு தன்னார்வலர் வந்து உதவி வேண்டுமா என்று கேட்டார். தவறவிட்ட படங்களின் பட்டியலைப் பார்த்தால் வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் முழுதாகத் தணிந்ததாகச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது படத்தின் மறுதிரையிடல் மூன்று நாள் கழித்து, காலை 10.30க்கு. நடுவிலிருந்து சற்றுப் பின்னால், ஓர இருக்கை.

நாய் சரியாகத் தோழி சொன்ன இடத்தில் வந்தது. வீட்டு வாசலில் ஒரு கம்பம், அதில் நீளக் கயிற்றில் கட்டிய பழுப்பு நாய். வீட்டுக்குள்ளிருக்கும் பெண் ஜன்னலுக்கு வரும்போதெல்லாம் அவள் தோளுக்கு மேலாக அதைப் பார்க்கிறோம். ஒவ்வொரு முறையும் கயிறு கம்பத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றியிருக்கிறது. நாய்க்கு மிஞ்சிய வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. கல்யாணத்தன்று முற்றத்தில் அத்தனை பேர் நிற்கிறார்கள், ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. படத்தில் யாரும் அந்த நாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஆகவே சப்டைட்டிலிலும் அது இல்லை. முடிவில் கயிறு தீர்ந்துபோய், மூக்கு கம்பத்தில் முட்ட, அது நின்றுகொண்டிருக்கிறது. அவள் ஜன்னலைத் திறக்கிறாள். என் பேனா எந்த இடத்தில் விழுந்தது என்று அப்போது தெரிந்தது.

விழித்திருந்து பார்த்தும் அந்தப் படம் இருபது நிமிடம் அதிகம் என்றுதான் சொல்வேன். நடுவில் வரும் வழக்கறிஞர் காட்சிகளை வெட்டியிருக்கலாம். ஆனால் அது விழிப்போடு வைக்கும் குறை. பட்டியலில் "வேண்டாம்" என்பதை அடித்துவிட்டுப் படத்தைச் சேர்த்தேன். கொலைக்கப்பலுக்குக் கொடுத்த "அருமை"யைச் சோதிக்க மறுதிரையிடல் கிடைக்கவில்லை, அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

ஊர் திரும்பிச் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் நாய்க்குச் சிரித்தார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும் சிரிக்காமல், "போன ஆண்டுகளில் வேண்டாம் என்றவற்றை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து பழைய குறிப்பேடுகளை எடுத்து, டிக்கெட் துண்டுகளோடு ஒப்பிட்டேன். "மெதுவான படம்" என்று நான் எழுதி ஒதுக்கியவை ஆறு. அவற்றில் நான்கு பிற்பகல் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே தொடங்கியவை. அந்த நான்கையும் தேடிப் பார்த்தேன். விழாக்களோடு நின்றுபோகும் படங்கள் அவை. இரண்டு இப்போது எங்கும் பார்க்கக் கிடைக்கவில்லை.